இலையில் கை இருக்கும் வரை

இருநூற்று எண்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு. லோடுமேன் உத்தமன் குப்பம்மாவுக்கு வைத்த பாக்கி அது. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கதவடைத்துக் கிடந்த மூன்று மாதமும், வாசலில் பந்தல் போட்டுக் குந்தியிருந்த ஆட்களுக்கு அவள்தான் சோறு போட்டாள். மதியச் சாப்பாடு மூன்று ரூபாய். மீன் துண்டு வைத்தால் அது தனி. கம்பெனி திறந்து பழைய சம்பளம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் முன்னே பின்னே தீர்த்துவிட்டார்கள். உத்தமன் மட்டும் பணத்தை வாங்கினான், வேலையை விட்டான், ஆளே காணாமல் போனான்.

அந்த உத்தமன்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூந்தமல்லி சுலைமான் பாய் கடையில் உட்கார்ந்து மாட்டுக்கறி பிரியாணி சாப்பிடுகிறானாம். சேதி சொன்னவன் ஜேம்ஸ். செங்கல் லாரி ஓட்டுகிறவன், குப்பம்மா கடையில் பழைய வாடிக்கை.

"யக்கா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. பாரிவாக்கம் சூளையில எங்கூடதான் லோடு ஏத்திகினு கீறான். ஞாயித்துக்கெயம கரையான்சாவடில லோடு எறக்கிட்டு அவன பாய் கடையாண்ட உட்டுட்டு, நான் இன்னொரு நடை போயி வருவேன். மூணு மணி வாக்குல வந்து ஆரன் அடிப்பேன். ஓடியாந்து ஏறிக்குவான்."

"கடன் சொல்லியா துன்றான்?"

"எங்க கடன்? நோட்ட நீட்டிதான் துன்றான்."

குப்பம்மாவால் பொறுக்க முடியாதது அந்தச் சொல்தான். கடன் வைத்தவன் ஓடி ஒளிவது எஸ்டேட்டில் புதிது கிடையாது. இல்லாதவன் ஓடுவான், கையில் வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான். ஆனால் ஒரு கடையில் பாக்கியை வைத்துவிட்டு, அந்தக் கடையைத் தாண்டிப் போய் இன்னொரு கடையில் ரொக்கம் கொடுத்துச் சாப்பிடுவது என்றால் அது வேறு. சோறு போட்டுப் பிழைக்கிறவர்கள் அதைத் திருட்டை விடக் கீழாக நினைப்பார்கள்.

அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேறு வழியும் இல்லை. மூட்டை கொடுக்கும் அரிசிக் கடைக்காரர் சனிக்கிழமை முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்: பழைய பாக்கி வந்தால்தான் திங்கட்கிழமைக்கு மூட்டை. ராத்திரி கடை சாத்துவதற்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை அடுப்பு எரியாது. ஒரு நாள்தானே என்று விட முடியாது. எதிர்ச் சாரியில் மேசை நாற்காலி போட்டுப் புதிதாக ஒருத்தன் மெஸ் திறந்திருந்தான். கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்து வரும் ஆட்கள் ஒரு நாள் அவள் அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்கள். போன வாய் திரும்பாது. சோற்றுக் கடை அப்படித்தான் சாகும், ஒரே நாளில்.

யாரிடம் கேட்டும் புரளவில்லை. மிச்சம் இருந்தது உத்தமன் பாக்கிதான். சூளைக்குள் போய்க் கேட்கலாம் என்றால் மேஸ்திரி கேட்டிலேயே மறிப்பான். ஆக, பாய் கடை. மூன்று மணிக்கு முன்னால்.

ஆவடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். முந்தானை முடிச்சில் திரும்பி வர டிக்கெட் காசும் அதற்கு மேல் ஐந்து ரூபாயும் இருந்தன.

சுலைமான் பாய் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து முனையில், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே நாலு பெஞ்சு. வாசலிலேயே விறகடுப்பின் மேல் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம் போல ஒரு தேக்‌ஷா. அதன் பக்கத்தில் மேடை போட்டுப் பாய் உட்கார்ந்திருப்பார். கரண்டி வைத்துக்கொள்வதில்லை. சின்னத் தட்டை தேக்‌ஷாவுக்குள் சாய்த்துச் செருகி ஓரத்திலிருந்து எடுப்பார். ஒரு பருக்கை உடையாது. அவ்வளவு தூரம் வந்து சாப்பிட ஆள் இருந்தது அந்தக் கறிக்கு மட்டுமில்லை. கூட ஊற்றும் தால்ச்சாவுக்கும்தான். பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் எலும்புமாய்க் கொதித்து, புளிப்பும் கொழுப்பும் சேர்ந்து வரும். அந்த வாசனை பஸ் நிற்கும் இடத்திலேயே குப்பம்மாவின் மூக்கைப் பிடித்தது. கோபமாய் வந்தவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்கும் சேர்த்து உத்தமன் மேல் கோபப்பட்டாள்.

அவன் கடைசி பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு, அதில் பாதி குறைந்த பிரியாணி. சூளைத் தூசி ஏறிச் சிவந்த தலைமயிர். கடைக்குள் அவள் கால் வைத்ததும் பார்த்துவிட்டான். வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் அந்தக் கையை இறக்கிச் சோற்றுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டான். எடுக்கவில்லை.

குப்பம்மாவுக்குப் புரிந்துவிட்டது. களவாணி, என் சட்டத்தை என் மேலேயே போடுகிறான்!

இலையில் கை இருக்கும் வரை கடனைக் கேட்கக் கூடாது. சோற்றுக் கடை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறைதான் அது. ஆனால் எஸ்டேட்டில் அதைச் சட்டமாக்கியவள் குப்பம்மா. கதவடைப்பு நாட்களில் வட்டிக் காசு வசூலிக்கும் தண்டல்காரன் ஒருத்தன் அவள் கடைக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளின் தோளைப் பிடித்து இழுத்தான். குப்பம்மா கொதிக்கிற குழம்புக் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். "கையக் கயுவட்டும். அப்பால உன் பாடு, அவன் பாடு. இலையில கை கீற வரைக்கும் இவன் எனக்குப் பொறந்தவன்." தண்டல்காரன் வெளியே போய் நின்றான். கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போன ஆளை விறகுக் கட்டு வழியாக அவளே தப்பவிட்டாள். அந்த ஆள் உத்தமன்.

இப்போது அவன் எதிரில் போய்க் குந்தினாள்.

"யக்கா," என்றான் உத்தமன். சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. "இன்னா இந்தப் பக்கம்?"

"துன்னத்தான் வந்தேன். நீ துன்னு, நைனா. நிறுத்தாத."

பாய் மேடையிலிருந்தே எட்டிப் பார்த்தார். "வாம்மா. இன்னா வேணும்?"

"அரை பிளேட் குடு பாய். எவ்ளோ?"

"மூணு ரூவா. சாப்ட்டுட்டுக் குடு."

குப்பம்மா முந்தானையை அவிழ்த்தாள். மூன்று ஒரு ரூபாய்த் தாளை எடுத்து, பாய் இருக்கும் பக்கம் நீட்டாமல், உத்தமன் தட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். "நான் சாப்ட்டுட்டுக் குடுக்கறவ இல்ல. மொதல்ல காசு. அப்பாலதான் எனக்குச் சோறு எறங்கும்."

பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உத்தமன் தலையைக் குனிந்து ஒரு வாய் எடுத்தான். சின்ன வாய். கைக்குழந்தைக்கு ஊட்டுகிற அளவு.

அவன் கணக்கு அவளுக்குத் தெரிந்தது. லாரி வரும் வரை இலையை விடப் போவதில்லை. ஆரன் கேட்டதும் எழுந்து ஓடுவான். அவள் எழுந்திருப்பதற்குள் லாரி நகர்ந்திருக்கும். இந்தப் பக்கம் தேக்‌ஷாவிலிருந்து அடி சுரண்டும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அது காலியானால் பாய் கடையைக் கட்டுவார். ஆனால் இலையில் உட்கார்ந்தவனை அவராலும் எழுப்ப முடியாது.

அவள் இலை வந்தது. பாய் தால்ச்சாவைச் சுற்றி ஊற்றினார். ஒரு வாய் வைத்தாள். நாக்கு தொழில் பழக்கத்தில் தானாக வேலை செய்தது: பட்டை குறைவு, மிளகாய் அரைத்தது, தூள் இல்லை, தக்காளியைப் போட்டு எண்ணெய் பிரிகிற வரைக்கும் விட்டிருக்கிறான் மனுசன், கறி எலும்பைவிட்டு நழுவுகிறது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நல்லாத்தான் கீது," என்றாள்.

"நல்லா கீதாக்கா?" உத்தமன் முகத்தில் நிஜமான ஆசை தெரிந்தது, தானே சமைத்ததைப் பாராட்டிய மாதிரி. "தால்ச்சாவுல மாங்கா கீதே, அது இருந்தாத்தான் பாய் கடை. மாங்கா கெடைக்காத மாசத்துல வந்தா பாதி ருசிதான்."

"ஓகோ. மாசக் கணக்கு வெச்சிதான் துன்றியா."

அவன் இலை ஓரத்துத் தால்ச்சாவை விரலால் வழித்தான்.

"வேற எங்கெல்லாம் சாப்டுவ, நைனா? எனக்குத் தெரியட்டும். நான் கடையை உட்டு நவுர்றதே இல்ல. நாலு எடத்து ருசி தெரிய வேணாமா?" கடனைப் பற்றி ஒரு சொல் இல்லை. சட்டத்தை அவள் மீறவில்லை.

அவனுக்கு நேரம் போக வேண்டியிருந்தது. அவள் கேட்டதோ அவன் நாக்குக்குப் பிடித்த பேச்சு. இரண்டும் சேர்ந்து அவன் வாயைத் திறந்துவிட்டது.

"ஆவடியில டாங்க் பேக்டரி கோட்டர்ஸ் பின்னால ஒரு நாகர்கோயில்காரரு மெஸ் வெச்சிகீறாருக்கா. மரவள்ளிக் கெயங்க வேக வெச்சி மசிச்சி, மேல மீன் கொயம்ப ஊத்துவாரு. தேங்கா அரைச்ச கொயம்பு. சோறே வேணாம்."

"எவ்ளோ?"

"ரெண்டேகா ரூவா."

"ம். அப்பால?"

"அதே வரிசையில மதுரைக்காரம்மா ஒண்ணு. ஞாயித்துக்கெயம மட்டும் கோலா உருண்ட. கறியக் கொத்தி உருட்டி எண்ணெயில போட்டு எடுக்கும். லைன்ல நிக்கணும்."

"நின்னியா?"

"நின்னேன்."

"ரொக்கமா?"

உத்தமன் இலையைப் பார்த்தான். "அங்கெல்லாம் யாருக்கா நம்மளுக்குக் கடன் குடுப்பான்."

"அப்பால?"

"முகப்பேர்ல ஹவுசிங் போர்டு கட்டிகினு கீறாங்களே, அங்க காலையில தள்ளுவண்டில இட்லி வடகறி. வடகறில சோம்பு வாசன தூக்கும். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட பரோட்டா. அது சும்மா, பசிக்கு." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தான்: "சால்னா மட்டும் பரவால்ல."

அவன் ஒவ்வொரு கடையாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கடையும் அவள் நெஞ்சில் ஒரு மிதி மிதித்தது. ஆவடி, முகப்பேர், ஓ.டி., பூந்தமல்லி. அவள் கடையைச் சுற்றி வட்டம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். நடுவில் இருந்த அவள் கடையை மட்டும் தொடவில்லை.

"ஏன்டா," என்றாள். குரல் அவளை மீறிக் கொஞ்சம் ஏறியது. "என் கொயம்புல இன்னா கொற? ஏரிக் கெண்ட. காலையில வலையில இருந்து எறக்குனது. எத்தினி பேரு கம்பெனிச் சோத்த உட்டுட்டு எங்கிட்ட வரான். நீ சொல்லு. இன்னா கொற?"

உத்தமன் விரலால் சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளினான்.

"கொற இல்லக்கா. உன் கொயம்பு எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

"இன்னாது?"

"மூணு மாசம் துன்னேன். தெனம் துன்னேன். ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும், ஏறுது ஏறுதுன்னு காதுல கேட்டுகினே இருந்துச்சு. இன்னிக்கி மூணு, நாளிக்கி மூணு. மீன் வெச்சா அஞ்சரை. உப்பு கீதா, புளி கீதான்னே நாக்குக்குத் தெரில. சம்பளம் வந்த அன்னிக்கு மொதமொதல்ல நோட்ட எடுத்து வெச்சி ஒரு கடையில துன்னேன் பாரு, அப்பதான் எனக்கு நாக்கு கீதுன்னு தெரிஞ்சிச்சு."

பக்கத்து பெஞ்சு ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அன்னிக்கே வந்திருக்கணும். வர்ல. மறுநா வந்தா நேத்து ஏன் வர்லன்னு கேப்ப. ஒரு வாரம் போச்சி. அப்பால எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றது?"

குப்பம்மாவுக்கு இரக்கம் வரப் பார்த்தது. வந்தால் திங்கட்கிழமை அடுப்பு போச்சு என்று அதை அங்கேயே மிதித்து அணைத்தாள்.

"பேருதான் உத்தமன்," என்றாள். "துன்னு. ஆறிடப் போவுது."

"பாய், ஒரு குஸ்கா குடு," என்றான் உத்தமன் அவசரமாக. அவன் இலையில் நாலு வாய்தான் மிச்சம் இருந்தது.

பாய் தேக்‌ஷாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு விசயம் பாதி புரிந்திருந்தது. "அடிதான் கீது, உத்தமா. தீஞ்சிது."

"தீஞ்சதே போடு பாய். தீஞ்சதுதான் எனக்குப் புடிக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாய் சுரண்டி எடுத்துவந்து போட்டார். உத்தமன் தின்றான். அவன் வயிறு நிரம்பிவிட்டது வெளியிலேயே தெரிந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒரு வாய் எடுத்து மெல்லுவான், மெல்லுவான், விழுங்க மாட்டாமல் தண்ணீரை இடது கையால் எடுத்துக் குடிப்பான். வலது கை இலையை விட்டு வராது. குப்பம்மாவும் தன் இலையை முடிக்கவில்லை. முடித்தால் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருத்தர் இலையை ஒருத்தர் பார்த்தபடி, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார்கள். மற்ற பெஞ்சுகள் காலியாகின. ஆனால் சாப்பிட்டவர்கள் போகவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

பாய் தேக்‌ஷாவைக் கவிழ்த்தார். அடுப்புக்குத் தண்ணீர் தெளித்தார். புஸ்ஸென்று புகை எழும்பியது.

அப்போது ஆரன் கேட்டது.

தடதடவென்று அதிர்ந்துகொண்டு செங்கல் லாரி சந்து முனையில் வந்து நின்றது. ஜேம்ஸ் இன்னொரு முறை அடித்தான். குப்பம்மாவின் கால்கள் முன்பே தயாராக இருந்தன. எழுந்து வாசலை மறித்துவிட்டாள். அவன் எழுந்தால் கை இலையை விட்டாக வேண்டும். விட்ட மறு நொடி கேட்டுவிடலாம்.

உத்தமன் எழுந்தான். ஆனால் கையை விடவில்லை. இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, தட்டிலிருந்து இலையைச் சோற்றோடு அப்படியே தூக்கிக்கொண்டான். வலது கை விரல்கள் சோற்றுக்குள்ளேயே இருந்தன. அப்படியே நடந்தான்.

"டேய்!" என்றாள் குப்பம்மா.

"இல முடியலக்கா. கை இன்னும் இலையிலதான் கீது. பாத்துக்கோ." போகிறபோதே ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றான், எல்லோரும் பார்க்க.

வழிவிட்டாள். விடாமல் என்ன செய்வது? சோறு கையில் இருப்பவனைத் தடுத்தாள் என்று நாளைக்கு எஸ்டேட் முழுக்கப் பேசும். அவன் அவளைத் தாண்டி, வாசலில் நின்றவர்களைத் தாண்டி, லாரியண்டை போய்ச் சேர்ந்தான். குப்பம்மா பின்னாலேயே போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமலே போனாள்.

லாரிப் படியில் ஒரு காலை வைத்தான் உத்தமன். ஏற முடியவில்லை. மேலே பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். ஒன்றில் இலை, இன்னொன்று இலைக்குள். "ஜேம்சு, கை குடுறா!"

ஜேம்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், கை குடுறான்றேன்! லேட் ஆவுதுல்ல!"

ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக உத்தமன் தள்ளாடினான். இலை சாய்ந்து கொஞ்சம் சோறு தரையில் கொட்டியது. குப்பம்மா கீழே கொட்டிய சோற்றைப் பார்த்தாள். ஒரு மூட்டை அரிசி அவள் கண்ணில் நின்றது. எரியாத அடுப்பு நின்றது. எதிர்ச் சாரி மெஸ்ஸின் நாற்காலிகள் நின்றன. அவள் கை தானாக நீண்டது.

இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, அவன் விரல்களைத் தள்ளிவிட்டு, சோற்றின் மேலே மடித்து மூடினாள்.

"சாப்ட்டாச்சி," என்றாள்.

வாசலில் ஒருத்தன் "ஐயோ" என்றான் மெதுவாக. சாப்பிடுகிறவன் இலையை அடுத்தவர் மூடுவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. பகையாளியின் இலையைக்கூட யாரும் மூட மாட்டார்கள். தண்டல்காரன் தோளைத்தான் பிடித்தான், இலையைத் தொடவில்லை. ஆனால் குப்பம்மா இலையை விடவில்லை.

ஜேம்ஸ் லாரி இன்ஜினை அணைத்தான்.

திடீரென்று சந்து அமைதியானது. அந்த லாரியின் பேட்டரி செத்துப் பல நாளாகிறது. ஒரு தடவை அணைத்தால் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால்தான் திரும்பக் கிளம்பும். வழியில் எங்கேயும் ஜேம்ஸ் அதை அணைக்க மாட்டான். அது உத்தமனுக்குத்தான் நன்றாகத் தெரியும், தள்ளுகிறவன் அவன்தான்.

"இன்னாடா ஆப் பண்ணிட்ட?"

"கையக் கயுவிகினு வா," என்றான் ஜேம்ஸ், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே. "நான் எங்கியும் போல."

உத்தமன் படியிலிருந்து காலை எடுத்தான். கையில் இருந்த மூடிய இலையைப் பார்த்தான். கோபப்படுவான் என்று குப்பம்மா எதிர்பார்த்தாள். கத்துவான், தள்ளுவான், கூட்டத்தைத் திருப்பிவிடுவான். அதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது.

"இலைய மூடிட்டியேக்கா," என்றான். அவ்வளவுதான்.

அவள் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பாய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். இலையை வாங்கி ஓரமாக வைத்தார். முதலில் குப்பம்மாவின் எச்சில் கையிலும், அப்புறம் உத்தமன் கையிலும் தண்ணீரைச் சாய்த்தார். உத்தமன் கழுவினான், விரல் விரலாக, நகத்துக்குள் இருந்த சிவப்பு மண் கரைகிற வரைக்கும். சொம்பு தீர்ந்தும் வெறும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"குடுடா," என்றாள் குப்பம்மா. இப்போது கேட்கலாம். "என் காசக் குடு."

லுங்கியைத் தூக்கி, உள்ளே போட்டிருந்த நிக்கர் பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுருட்டிய நோட்டுகளை எடுத்தான். ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தான்.

"வாராவாரம் எடுத்துகினுதான் வரேங்க்கா. அம்பத்தூர் பஸ் ஏறி உங்கிட்ட வந்துடலாம்னுதான் இங்க எறங்கறது. எறங்குனதும் பாய் கடை வாசன வருது. துன்ட்டுப் போவலாம்னு குந்துவேன். துன்னதும் ஆரன் அடிச்சிடுது."

நிஜமா பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்து ஆகப் போவதும் ஒன்றும் இல்லை. அவன் விரல்களையே பார்த்தாள்.

நோட்டுகள் அவள் கைக்கு வந்தன. வலது கையால்தான் கொடுத்தான். அவளும் ஒருமுறை எண்ணினாள்; கூட்டம் முழுக்க உதடு அசைத்து அவளோடு எண்ணியது. இருநூற்று எண்பத்தாறு. உத்தமன் நிக்கர் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். ஒரு பீடிக் கட்டும் பஸ் டிக்கெட்டும் வந்தன. கையில் கசங்கிய இன்னும் சில நோட்டுகள் இருந்தன, சில்லறை இல்லை.

"அம்பது காசு கொறையுது. இரு, பாய்கிட்ட மாத்தி..."

"வேணாம்."

"இல்லக்கா, கணக்குன்னா கணக்கு. பாய், ஒரு ரூவாக்கு..."

"வேணான்றேன் இல்ல." குப்பம்மா நோட்டுகளை முந்தானையில் வைத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள். "இலைய மூடுனேன் பாரு, அதுக்கு அந்த அம்பது காசு கயிஞ்சிது. நீயும் எனக்குத் தர வேணாம், நானும் உனக்குத் தர வேணாம்."